நடுவயதில் வேலையை மாற்றிக் கிளைடர் பயிற்றுநர் ஆவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். 44 வயதில் முதன்முறையாகக் கிளைடரில் ஏறினேன். 49 வயதில் பயிற்றுநர் தகுதி பெற்றேன். இப்போது என் பகல்களில் பெரும்பகுதி எஞ்சின் இல்லாத ஒரு விமானத்தின் பின் இருக்கையில் கழிகிறது. முன் இருக்கையில் கற்றுக்கொள்பவர் இருப்பார்.

"நானும் இப்படி மாற முடியுமா?" என்று விசாரித்து வருகிறவர்களில் பலர் நாற்பதைக் கடந்தவர்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். கசப்பான பதில்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். இந்த வேலையை நான் நேசிக்கிறேன். தவறான எதிர்பார்ப்போடு ஒருவர் வந்து இரண்டே ஆண்டுகளில் மனம் உடைந்து திரும்பிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

நாற்பத்தைந்து வயதில் தொடங்குவது காலம் கடந்த செயலா?

இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ லிலியென்தால் 1848-இல் பிறந்தவர். இயந்திரத் தொழிற்சாலை நடத்திய பொறியாளர். தாமே செய்த இறக்கையைக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து சறுக்கிப் பறக்கத் தொடங்கியது 1891-இல். அப்போது அவருக்கு வயது 43. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். 1896-இல் ஒரு விபத்தில் இறந்துபோனார் என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான். இன்று நாங்கள் கற்றுத்தரும் பாடங்களில் பல, அவரைப் போன்றவர்கள் உயிரைக் கொடுத்துக் கண்டறிந்தவை.

கற்கும் வேகம் குறையும் என்பது உண்மை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஐந்து தரையிறக்கங்களில் கைவரும் ஒன்று எனக்குப் பதினைந்தில்தான் வந்தது. ஆனால் நடுவயதில் வருபவர் வானிலையைப் பார்த்து "இன்று வேண்டாம்" என்று சொல்லத் தயங்குவதில்லை. அந்தப் பழக்கம் எங்கள் மைதானத்தில் மிகவும் மதிக்கப்படுகிறது.

பூஜ்யத்திலிருந்து பயிற்றுநர் ஆக எவ்வளவு காலம் ஆகும்?

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, கிளைடர் உரிமம் பெறக் குறைந்தது 15 மணிநேரப் பறப்புப் பயிற்சியும் 45 முறை ஏறி இறங்கியதும் தேவை. 14 வயதில் தனியாகப் பறக்கலாம். 16 வயதில் உரிமம் கிடைக்கும். பயிற்றுநர் ஆக வேண்டுமானால் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற விமானியாகக் கிளைடரில் 100 மணிநேரமும் 200 ஏற்றங்களும் முடித்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் பயிற்றுநர் படிப்பில் சேர முடியும். அமெரிக்காவில் கணக்கு வேறு: முதலில் வணிக விமானி நிலையிலான கிளைடர் உரிமம் வாங்க வேண்டும், பிறகு கற்பித்தல் முறை பற்றிய எழுத்துத் தேர்வு, ஸ்பின் பயிற்சி (விமானம் சுழன்றபடி விழத் தொடங்கினால் மீட்பது), செயல்முறைத் தேர்வு என்று போகும். மணிநேரக் கணக்கில் அங்கே குறைவு, தேர்வுகள் அதிகம்.

வார இறுதிகளில் மட்டும் மைதானத்துக்கு வருபவருக்கு, என் அனுபவத்தில், நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு ஐந்து ஆனது. முழு நேரமாக இறங்கினால் இரண்டு பருவங்களில்கூட முடிக்கலாம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 100 மணிநேரம் என்பது காகிதத்தில் ஓர் எண். அந்த மணிநேரங்களுக்குள் ஒரு மோசமான குறுக்குக்காற்று நாள், ஏறுகாற்று திடீரென்று நின்றுபோன ஒரு மாலை, தெரியாத வயலில் இறங்க நேர்ந்த ஒரு மதியம் எல்லாம் வந்து போயிருக்க வேண்டும். அவை நாம் கூப்பிட்டு வருபவை அல்ல. பருவங்கள் கடக்கும்போது தாமாக வரும்.

வழியில் ஒரு நல்ல இலக்கு வேண்டுமென்றால், சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் வெள்ளிப் பதக்கத் தகுதியை வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் தூரம், 1,000 மீட்டர் உயர ஏற்றம், 5 மணிநேரம் வானில் நிற்பது. மூன்றையும் முடித்தவர் காற்றை ஓரளவு படிக்கத் தெரிந்தவர் என்று நம்பலாம்.

இதில் வருமானம் உண்டா? வேலையை எப்போது விடுவது?

எல்லோரும் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான். நேராகவே சொல்லிவிடுகிறேன்: உலகின் பெரும்பாலான கிளைடர் சங்கங்களில் பயிற்றுநர்கள் ஊதியம் இல்லாமல்தான் கற்றுத்தருகிறார்கள். சங்கத்தில் தாங்கள் கற்ற கடனை அப்படித் தீர்க்கிறார்கள். ஊதியம் தரும் இடங்களும் இருக்கின்றன. பயிற்சிப் பள்ளிகள், பெரிய சங்கங்கள் நடத்தும் ஒரு வார வகுப்புகள், இளைஞர் அமைப்புகள் போன்றவை. ஆனால் அவை குறைவு, பெரும்பாலும் பருவகால வேலை. வெயில் இருக்கும் மாதங்களில் விடியலிலிருந்து அந்தி வரை ஓட்டம். குளிர்காலத்தில் வெறும் கை.

ஆகவே, பழைய சம்பளத்துக்கு ஈடாக இதை எண்ணி வராதீர்கள். இதையே பிழைப்பாகக் கொண்டவர்களைப் பார்த்தால், அவர்கள் மூன்று நான்கு வேலைகளைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கோடையில் பயிற்சி, இடையில் கிளைடர்களை வானுக்கு இழுத்துச் செல்லும் இழுவை விமானம் ஓட்டுவது, குளிர்காலத்தில் பட்டறையில் கண்ணாடியிழை இறக்கைகளைப் பழுதுபார்ப்பது, ஆண்டுச் சோதனைகளுக்கு உதவுவது. சிலர் கோடையைத் துரத்திக்கொண்டு வடக்கிலிருந்து தெற்குக்குப் போகிறார்கள். வட அரைக்கோளம் உறையும்போது நமீபியாவின் பிட்டர்வாசரிலும் நியூசிலாந்தின் ஓமராமாவிலும் கிளைடர்கள் பறந்துகொண்டிருக்கும்.

நான் அகலக்கால் வைக்கவில்லை. பயிற்றுநர் தகுதி கையில் வந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் அரைநேர வேலையில் இருந்தேன். வீட்டுக் கடன் முடிந்த மாதம்தான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று உறவினர்கள் சொன்னார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில்தான் இந்த வேலையின் அலுப்பான பக்கத்தையும் பார்த்தேன்: மழை விடக் காத்திருக்கும் நாட்கள், ஒரே பாடத்தை ஒரே நாளில் பதினான்கு முறை சொல்வது, மாலையில் குரல் கட்டிக்கொள்வது. அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றியதால் விட்டேன். பயிற்சி தொடங்கும் முன்பே வேலையை விட்டவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் ஒவ்வொரு ரத்தான நாளிலும் பணத்தை எண்ணினார்கள். பணத்தை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு "இன்று காற்று சரியில்லை, இறக்கிவிடுவோம்" என்று சொல்வது கடினமாகிவிடுகிறது.

உடல்நலம் எப்படி இருக்க வேண்டும்?

மருத்துவச் சான்று நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பாவில் பொழுதுபோக்குப் பறத்தலுக்குப் போதுமான எளிய மருத்துவச் சான்று 40 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கும், அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கும் செல்லும். அமெரிக்காவில் கிளைடர் ஓட்டவும் கற்பிக்கவும் மருத்துவச் சான்றே கேட்பதில்லை. ஆனால் உடல் சரியில்லை என்று தெரிந்தே பறப்பதை விதிகள் தடுக்கின்றன. முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு பணத்தைக் கட்டுங்கள். வரிசை மாறக் கூடாது.

கண்ணாடி அணிவது தடையில்லை. உடல் எடைக்கு மேல்வரம்பு உண்டு. பல பயிற்சிக் கிளைடர்களில் ஓர் இருக்கைக்கு, பாராசூட்டையும் சேர்த்து, 110 கிலோ அளவில் நிற்கும். முதுகும் முழங்காலும் தினம் சோதிக்கப்படும். ஒரு நாளில் பன்னிரண்டு முறை குறுகிய இருக்கைக்குள் இறங்கி ஏற வேண்டும். இறங்கிய கிளைடரைப் புல்லில் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப் ஹிர்த்தைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1924-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். அதற்குப் பிறகு தம் காலத்தின் முதல்வரிசைக் கிளைடர் விமானிகளில் ஒருவராக உயர்ந்தார். 1930களின் தொடக்கத்தில் குருனாவ் கிளைடர் பள்ளிக்குத் தலைமை தாங்கினார். உடல்குறை இருப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது அவரை நினைத்துக்கொண்டுதான் "மருத்துவரிடம் கேட்போம், நாமே முடிவு செய்ய வேண்டாம்" என்கிறேன். மூக்கை இடமும் வலமுமாகத் திருப்பும் வால் பலகையான ரடரை வழக்கமாகப் பாதத்தால் இயக்குவோம்; அதைக் கையாலேயே இயக்கும்படி மாற்றியமைத்த கிளைடர்களும் இன்று இருக்கின்றன.

எஞ்சினே இல்லாத விமானம். ஆபத்து இல்லையா?

ஆபத்து உண்டு. இல்லை என்று சொல்லும் பயிற்றுநரிடம் கற்காதீர்கள்.

ஆனால் மக்கள் அஞ்சும் இடம் வேறு, உண்மையான ஆபத்து இருக்கும் இடம் வேறு. "எஞ்சின் இல்லையே, விழுந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். அமைதியான காற்றில், ஏஎஸ்கே 21 என்ற பரவலான பயிற்சிக் கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தூரம் சறுக்கிப் போகும். 1983 ஜூலை 23-ஆம் தேதி ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களையும் இழந்தது. தலைமை விமானி ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைக்கும் கிளைடர் உத்தியை அந்தப் பெரிய விமானத்தில் கையாண்டு, கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

எங்கள் கவலை தரைக்கு அருகில்தான். வின்ச்சில் ஏறும்போது வடம் அறுவது, கடைசித் திருப்பத்தில் வேகம் குறைவது, ஒரே ஏறுகாற்றில் பல கிளைடர்கள் சுற்றும்போது மோதல். வின்ச் என்பது மைதானத்தின் மறுமுனையில் நிற்கும் இழுவைப் பொறி. சுமார் ஒரு கிலோமீட்டர் வடத்தைச் சுருட்டிக் கிளைடரை மேலே இழுத்துவிடும். நின்ற இடத்திலிருந்து மூன்று நான்கு நொடிகளில் 100 கிலோமீட்டர் வேகம். செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும்போது வடம் அறுந்தால், மூக்கு வானத்தைப் பார்த்திருக்க, வேகம் கரையத் தொடங்கும். உடனே மூக்கை இறக்க வேண்டும். வேகம் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திரும்புவதா, நேரே இறங்குவதா, உயரத்தை விரைவாகக் குறைக்க இறக்கையிலிருந்து எழும் தகடுகளான ஏர்பிரேக்கைத் திறப்பதா என்ற முடிவு. இந்த வரிசையை மாணவரின் எலும்பில் ஏற்றும்வரை நாங்கள் அவரைத் தனியே அனுப்புவதில்லை. எதிர்பாராத நேரத்தில் நாங்களே வடத்தைக் கழற்றிவிட்டுச் சோதிப்போம்.

என் பழைய தொழில் இங்கே பயன்படுமா?

பயன்படும். அதே தொழில் தடையாகவும் நிற்கும். என் கதையைச் சொல்கிறேன்.

தரக் கட்டுப்பாட்டில் என் வேலை குறை கண்டுபிடிப்பது. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அரை நிமிடத்தில் ஐந்து குறைகள் தெரியும், ஐந்தையும் எழுதுவேன். அந்தக் கண் கிளைடரின் தினசரிச் சோதனையில் பெரிய உதவி. காலையில் இறக்கையின் இணைப்பு ஊசிகளைத் தொட்டுப் பார்ப்பது, கட்டுப்பாட்டு இணைப்புகளை அசைத்துப் பார்ப்பது, இருக்கைக்கு அடியில் யாரோ தவறவிட்ட பேனாவைத் தேடி எடுப்பது. இதில் எனக்குக் கைகொடுப்பது என் பழைய தொழில்தான்.

பறக்கும்போது அதே கண் என் முதல் மாணவரைப் பாடாய்ப் படுத்தியது. அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வயது 61. "ஐயா, வேகம் 5 கூடிவிட்டது. நூல் இடது பக்கம். வலது பாதம் கொஞ்சம். மூக்கு மேலே போகிறது. இறக்கை சாய்கிறது, பாருங்கள்." (அந்த நூல் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.) ஆறு நிமிடப் பறப்பில் ஒரு நொடி வாயை மூடவில்லை. இறங்கியதும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "நீங்கள் சொன்னவை எல்லாம் சரிதான். ஒன்றுகூட என் காதுக்குள் போகவில்லை. அடுத்த முறை ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள்."

நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர் எனக்குத் தந்த பாடம் அது. அன்றிலிருந்து ஒரு பறப்பில் ஒரு திருத்தம்தான். மற்ற குறைகளைப் பார்ப்பேன், மனதில் குறித்துக்கொள்வேன், பாதுகாப்பைத் தொடாதவரை அவற்றை விட்டுவிடுவேன்.

உங்கள் தொழிலிலும் இப்படி ஒன்று இருக்கும். மருத்துவர்கள் மாணவருக்காகத் தாங்களே முடிவெடுத்துவிடுகிறார்கள். மேலாளராக இருந்தவர்களுக்குக் காத்திருப்பது கடினம். செவிலியர்களும் தாய்மார்களும் பெரும்பாலும் இயல்பான பயிற்றுநர்களாக அமைந்துவிடுகிறார்கள். பயந்த மனிதரின் மூச்சை அவர்கள் முதுகுப்புறத்திலிருந்தே கண்டுகொள்கிறார்கள்.

பயிற்றுநர் படிப்பில் என்ன கற்றுத்தருவார்கள்?

ஏற்கெனவே தெரிந்த பறத்தலைப் பேசிக்கொண்டே பறப்பது எப்படி என்று. எளிதாகத் தோன்றும். ஒரு திருப்பத்தைச் செய்துகொண்டே, அதே நொடியில், எளிய சொற்களில், சரியான வரிசையில் விளக்கிப் பாருங்கள். சொல் முன்னே போகும், கை பின்தங்கும். பின் இருக்கையிலிருந்து பார்வையும் வேறு. முன்னால் மாணவரின் தலை பாதி வானத்தை மறைக்கும். தரை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ஓரத்தில் ஓடும் புல்லைப் பார்த்துத்தான் உணர வேண்டும்.

ஐரோப்பிய முறையில் கற்பித்தல் கலைக்கு மட்டுமே 25 மணிநேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கரும்பலகையில் ஏறுகாற்றை வரைந்து விளக்குவது, பறக்கும் முன் சுருக்கமாகச் சொல்வது, பறந்த பின் மனம் புண்படாமல் அலசுவது. நான் மிகவும் தடுமாறியது இதில்தான், மிகவும் ரசித்ததும் இதுதான்.

கற்றுத்தரும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியில் எஞ்சின் விமானங்களைக் கட்டுப்படுத்தியது. இளைஞர்கள் எஞ்சின் இல்லாமல் பறக்க வாசர்குப்பே மலைக்குப் போனார்கள். 1920-இல் முதல் போட்டி அங்கே நடந்தது. அந்தக் காலத்துப் பயிற்சிக் கிளைடர்களில் பல ஒரே இருக்கை கொண்டவை. மாணவர் முதல் நாளிலிருந்தே தனியாகத்தான் இருப்பார். ரப்பர் வடத்தை ஒரு கூட்டம் இழுத்துவிட, அவர் சில மீட்டர் உயரத்தில் துள்ளிப் போய் இறங்குவார். பயிற்றுநர் தரையில் நின்று கத்துவார், பிறகு ஓடிப்போய்த் திருத்துவார். இருவர் அமரும் கிளைடர் பரவலான பிறகுதான் பயிற்றுநரின் கை மாணவரின் கைக்கு அருகில் வந்தது. அந்தக் கையை என்ன செய்வது என்ற கேள்வியும் அன்றுதான் பிறந்தது.

மாணவர் தவறு செய்யும்போது எப்போது கை வைப்பீர்கள்?

இந்தத் தொழிலே இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கிளைடரின் கண்ணாடி மூடிமேல், விமானியின் கண்ணுக்கு நேராக, ஒரு சிறிய கம்பளி நூலை ஒட்டியிருப்போம். விமானம் காற்றை நேராக வெட்டிக்கொண்டு போனால் நூல் நடுவில் படுத்திருக்கும். ரடர் சரியாக இல்லையென்றால் ஒரு பக்கம் விலகும். விலை உயர்ந்த கருவிகள் அத்தனைக்கும் நடுவில், அந்த நூல்தான் மிகவும் உண்மை பேசுகிறது. புதிய மாணவரின் முதல் பத்துத் திருப்பங்களில் நூல் இப்படியும் அப்படியும் ஆடும். பின்னால் இருப்பவருக்குப் பாதம் துடிக்கும். பெடலை ஒரு விரற்கடை அழுத்தினால் போதும், நூல் நடுவுக்கு வந்துவிடும். அழுத்தினால் அந்தத் திருப்பம் அழகாக முடியும். மாணவர் தாமே செய்ததாக நம்புவார். அடுத்த முறை தனியாக இருக்கும்போது நூல் ஏன் ஓடுகிறது என்று விளங்காமல் விழிப்பார். மறைவாகத் திருத்துவது மாணவரிடம் சொல்லும் பொய். என் பாதங்களைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொள்ள எனக்கு ஒரு பருவம் முழுதும் தேவைப்பட்டது.

உயரத்தில் இருக்கும்போது தவறு செய்ய இடம் உண்டு. 600 மீட்டரில் வேகம் குறைந்து கிளைடர் நடுங்கத் தொடங்கினால் நான் பேசாமல் இருப்பேன். அந்த நடுக்கத்தை அவர் உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும். சில நேரம் மூக்கு தானே விழும், வயிறு தூக்கிப்போடும். அதற்குப் பிறகுதான் கேட்பேன்: "என்ன நடந்தது?"

தரைக்கு அருகில் எல்லை சுருங்கிவிடும். இறங்கும் வழியில் என் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஸ்டிக் என்ற கட்டுப்பாட்டுக் கோலைச் சுற்றி ஒரு வளையம் போல நிற்கும், தொடாமல். இடது கை ஏர்பிரேக் நெம்புகோலுக்குப் பின்னால். மாணவர் ஸ்டிக்கை அசைக்கும்போது அது என் வளையத்துக்குள் அசைவதை உணர்வேன். எந்தப் பக்கம் விரல் மோதினால் அதற்கு மேல் விடக் கூடாது என்பது பழகப் பழகத் தெரியும். கை வைக்க நேர்ந்தால் மறைக்கக் கூடாது. "கட்டுப்பாடு என்னிடம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மாணவர் "உங்களிடம்" என்று பதில் சொல்லி விட்டுவிட வேண்டும். யார் ஓட்டுகிறார்கள் என்று இருவருக்கும் தெரியாத நொடிதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது.

ஒருமுறை நான் தாமதித்தேன். திறமையான மாணவர், தனியே அனுப்பும் நிலைக்கு வந்தவர். தரைக்கு மூன்று மீட்டர் மேலே ஸ்டிக்கைச் சற்று வேகமாகப் பின்னால் இழுத்தார். கிளைடர் மீண்டும் மேலே எழும்பியது, வேகம் வடிந்தது. "சரி செய்துவிடுவார்" என்று நான் நினைத்த அரை நொடியில் அவர் ஸ்டிக்கை முன்னால் தள்ளிவிட்டார். நான் பிடித்தபோது சக்கரம் தரையை அறைந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. சக்கரத்தின் பொருத்துகளைச் சோதித்துச் சரி என்று உறுதியாகும்வரை கிளைடர் இரண்டு நாட்கள் கொட்டகையில் நின்றது. அன்று மாலையே சங்கத்தின் தலைமைப் பயிற்றுநரிடம் போய் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அடுத்தவர் அந்த அரை நொடியைத் தாமும் இழந்து கற்கத் தேவையில்லை. அந்த மாணவர் ஏற்கெனவே நன்றாகச் செய்த இருபது தரையிறக்கங்கள்தான் என்னை அயர வைத்தன. தொடக்க நிலை மாணவரிடம் யாரும் அயர்வதில்லை.

பயிற்றுநரின் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் வானிலை, கொட்டகையிலிருந்து கிளைடர்களை வெளியே எடுப்பது, சோதனை, அன்றைய மாணவர் பட்டியல். பத்து மணிவாக்கில் பறப்பு தொடங்கும். வின்ச் ஏற்றம் என்றால் 300 முதல் 500 மீட்டர் வரை உயரம். ஏறுகாற்று கிடைக்காவிட்டால் ஐந்தாறு நிமிடங்களில் தரை. வெயில் நிலத்தைச் சூடாக்கிய பிறகு தெர்மல் என்ற ஏறுகாற்றுகள் எழும். பருந்துகள் இறக்கை அசைக்காமல் சுற்றுவது அவற்றில்தான். நாங்களும் அவற்றைப் பார்த்து அங்கே போகிறோம். அப்போது ஒரு பாடம் முக்கால் மணிநேரம்கூட நீளும்.

நீங்கள் வானில் இருக்கும் நேரத்தைவிடப் புல்லில் நிற்கும் நேரம் அதிகம். அதைச் சகித்துக்கொள்ளாமல் விரும்பவே வேண்டும்.

எஞ்சின் விமானம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு எளிதா?

உரிமம் பெறுவது விரைவாக முடியும். பாதங்கள்தான் தொல்லை, கிளைடரின் நீண்ட இறக்கைகள் ரடரை நிறையக் கேட்கும். இன்னொன்று, இறங்குவதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்பதை மனம் ஏற்கச் சிறிது காலம் பிடிக்கும்.

குடும்பத்திடம் எப்படிச் சொல்வது?

வார இறுதிகள் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உறவினர் திருமணங்கள், பிள்ளைகளின் விடுமுறை, பண்டிகை நாட்கள் எல்லாம் நல்ல வானிலையோடு மோதும். மோதும் நாளில் எத்தனை முறை வீட்டுக்கு முதலிடம் தருவீர்கள் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட குடும்பங்கள் நிலைத்திருக்கின்றன. என் வீட்டில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்று ஒப்பந்தம். எவ்வளவு அருமையான மேகங்கள் எழுந்தாலும் அந்த ஞாயிறு நான் மைதானத்துக்குப் போவதில்லை. காப்பீடு, உயில், சேமிப்பு ஆகியவற்றையும் அதே மேசையில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

யார் இந்த வேலைக்கு வரக் கூடாது?

பறப்பதை மட்டும் நேசிப்பவர்கள். அவர்கள் நல்ல விமானிகளாகவே இருக்கட்டும். 2018 செப்டம்பரில் பெர்லான் 2 என்ற கிளைடர் அர்ஜென்டினாவின் மலைத்தொடருக்கு மேலே 76,000 அடி உயரத்தைத் தாண்டியது. அத்தகைய உயரங்களும், 1,000 கிலோமீட்டர் தூரங்களும் உங்களை இழுத்தால் அந்தப் பக்கம் போங்கள். மிகச் சிறந்த மேகங்கள் நிற்கும் மதியத்தில் பயிற்றுநர் மைதானத்தைச் சுற்றி ஆறு நிமிட வட்டம் போட்டுக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே நண்பர்கள் தூரப் பயணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த மதியத்தில் உங்கள் மனம் முன் இருக்கைக்காரரின் தோள்களைக் கவனித்துக்கொண்டிருந்தால், நீங்கள் வரலாம். நேற்று காதுவரை ஏறியிருந்த தோள்கள் இன்று இறங்கியிருக்கின்றன என்பதைப் பார்த்து உங்களுக்கு மகிழ்ச்சி வந்தால், கட்டாயம் வாருங்கள்.

இத்தனை கஷ்டத்துக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது?

கடந்த பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 52 வயதுப் பெண்மணி, நூலகத்தில் வேலை. 70-க்கும் மேற்பட்ட ஏற்றங்கள் என்னோடு பறந்திருந்தார். ஒரு மாலை, காற்று அடங்கிய நேரம். மூன்று நல்ல தரையிறக்கங்களுக்குப் பிறகு பின் இருக்கையிலிருந்து நான் இறங்கிக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. புரிந்துவிட்டது.

காலியான பின் இருக்கையில் பட்டைகளை நான்கையும் பூட்டி இறுக்கினேன். தளர்ந்து கிடந்தால் ஸ்டிக்கில் சிக்கிவிடும். மெத்தையை எடுத்தேன். ஸ்டிக் முழுதாகச் சுழல்கிறதா என்று அவரைச் சுழற்றிக் காட்டச் சொன்னேன். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஸ்டிக் தானாக அசைந்தது, அவர் கையால். "நான் இல்லாததால் எடை குறைவு. சீக்கிரம் எழும்பும், அதிக நேரம் மிதக்கும். வேறு எல்லாம் அப்படியேதான், அம்மா," என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். மூடியை இறக்கிப் பூட்டினார்.

வடம் இறுகியது. கிளைடர் சட்டென்று எழுந்தது. மேலே கொக்கி விடுபடும் சத்தம் கீழே வரை கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. நான் ரேடியோவைக் கையில் வைத்திருந்தேன், பேசவில்லை. கடைசித் திருப்பத்தில் கிளைடர் மாலை வெயிலைப் பிடித்து ஒருமுறை மின்னியது. வேகம் சரி. ஏர்பிரேக் பாதி. கொஞ்சம் அதிகமாக மிதந்தார், நான் சொன்னபடியே. அவசரப்படாமல் காத்திருந்தார். சக்கரம் புல்லைத் தொட்டபோது ஓசையே எழவில்லை.

நான் ஓடிப்போய் மூடியைத் திறந்தபோது அவர் ஸ்டிக்கைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "நூல் நடுவிலேயே நின்றது," என்றார். "வழி முழுக்க."

வெளிச்சம் இன்னும் ஓர் ஏற்றத்துக்கு மிச்சமிருந்தது. போகிறீர்களா என்று கேட்டேன். போகிறேன் என்றார். கிளைடரை ஏறுமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய் வடத்தை மாட்டிவிட்டு, இறக்கை நுனியைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.